துளசிக் கொழுந்துக்குள் ஒரு குடித்தனம்

இதை எழுதும்போதுகூட பால்கனிப் பக்கம் என் தலை திரும்ப மறுக்கிறது. அங்கேதான் இருக்கிறது அந்தத் துளசித் தொட்டி.

போன வாரம் மகளுக்கு விடாத இருமல். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவள் ஒரு முறை இருமினால் எனக்கு நான்கு முறை படபடக்கும். உடுமலைப்பேட்டையிலிருந்து நாத்தனார் கொண்டுவந்து கொடுத்த துளசி தளதளவென்று நின்றது. மிளகு தட்டிப் போட்டு, கருப்பட்டி சேர்த்து, ஐந்து நாள் காலையில் கஷாயம். அதிலும் நுனியில் சுருண்டு மூடியிருந்த இலைகளாகத் தேடித் தேடிக் கிள்ளினேன். கொழுந்து அல்லவா?

இருமல் நின்றது. அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் செய்முறையும் போட்டாயிற்று... சற்றுப் பெருமையாகவே.

அதைப் படித்துவிட்டு எதிர் வீட்டு அக்கா தன் பையனுக்காக நாலு கொழுந்து கேட்டு வந்தார். கிள்ளிக் கொடுத்தேன். ஒன்றைப் பிரித்துப் பார்த்தவர், அமைதியாகச் சொன்னார்:

"ஏனுங்க, இது கொழுந்தில்லீங்க. புழு கட்டுன ஊடுங்க."

உள்ளே மெல்லிய நூலிழை. நடுவே ஒரு பச்சைப் புழு. ஓரத்தில் கறுப்புப் பொடி — அது என்னவென்று நான் சொல்லவும் வேண்டுமா? மாலையில் சுவரில் வந்து உட்காருமே, விரல் நகம் அளவுக்கு ஒரு பழுப்பு அந்துப்பூச்சி... அதன் பிள்ளைகளாம். துளசி வகைச் செடிகள்தான் சாப்பாடாம்.

என் பிள்ளைக்கு ஐந்து நாளாக நான் கொடுத்தது?

இருபதாவது நிமிடம் மகளோடு டாக்டர் முன்னால் இருந்தேன். கொதிக்க வைத்ததுதானே, ஒன்றும் ஆகாது என்றார் அவர். நான் விடுவேனா? ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று அடுக்கினேன். மகள் என் துப்பட்டாவை இழுத்தாள்.

"அம்மா... நான் ஒரு நாளும் குடிக்கலை. வாஷ்பேசின்ல ஊத்திப்போட்டேன்."

ஐந்து நாளுமா? ஐந்து நாளும்தான்.

திட்டுவதா, கட்டிக்கொள்வதா? கட்டிக்கொண்டேன். பெற்றவர் பேச்சைப் பிள்ளைகள் கேட்காமல் இருப்பதிலும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது போலும்.

"அப்புறம் என்ன அம்மணி, பயமில்லே போ" என்றார் டாக்டர்.

அவள் எழுந்திருக்கவில்லை.

"எனக்கில்லீங்க டாக்டர், அம்மாவைப் பாருங்க. காரம் சரியான்னு தினமும் கால் டம்ளர் குடிச்சுப் பார்த்தது அவங்கதானுங்க."

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன் — எனக்கு இதுவரை இருமல் வரவில்லை.