செருப்பை விழுங்கிய மண்

அத்தையின் மோட்டார் ரூம் கதவுக்கு மேலே, ஓர் ஆணியில் ஒற்றைச் செருப்பு தொங்குகிறது. நீல வார் வைத்த ரப்பர் செருப்பு. புது வீட்டுக்கும் லாரிக்கும் திருஷ்டிக்காகச் செருப்புக் கட்டுவது எங்கள் இண்டூர்ப் பக்கத்தில் வழக்கம் என்பதால், பார்ப்பவர்கள் இதையும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். போன வாரம் சாமந்தி மூட்டை ஏற்ற வந்த வேன் டிரைவர்கூட, "கண்ணு படற அளவுக்கு வெளைச்சலாங்க?" என்று கேட்டுச் சிரித்தார். அத்தை மறுக்கவில்லை. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காது. திருஷ்டிக்கு இல்லைங்க, முப்பது வருஷம் மண்ணுக்குள்ளே படுத்திருந்து வந்த சாட்சிங்க என்று ஆரம்பித்துவிட்டேன். அவருக்கு மார்க்கெட்டுக்கு நேரமாகிவிட்டது. பாதியில் நின்ற அந்தக் கதையை இங்கே சொல்லி முடித்துவிடுகிறேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. கல்யாணமாகி அடுத்த தெருவுக்கே போனவர். பங்கு பிரித்தபோது மேட்டு நிலம் பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் போனது. ஏரிக்கரைக்குக் கீழே இருந்த துண்டில் முன்பாதி பெரியப்பாவுக்கு, பின்பாதி அத்தைக்கு. அந்த நிலத்துக்கு ஊரில் ஓதக்காடு என்று பெயர். கோடையில் அதைப் பார்க்கிற யாரும் ஏமாந்துபோவார்கள். கல் இல்லை, களை இல்லை, பழுப்பு நிறத்தில் பொலபொலவென்று இருக்கும். மணலும் வண்டலும் களியும் அளவாகக் கலந்த மண். எங்கள் பாடப்புத்தகம் அதை இருமண்பாடு என்று சொல்லி, எல்லாப் பயிருக்கும் ஏற்றது என்று ஒரு சான்றிதழும் கொடுத்திருக்கும். கையில் எடுத்துத் தேய்த்தால் மைதா போல வழுக்கும், அடியில் ரவை போல நறநறக்கும். ஈரமாக்கி விரலிடுக்கில் நாடாவாகத் தள்ளினால் ஓர் அங்குலம் வந்து உடையும். இவ்வளவு லட்சணமும் மழை வரும் வரைதான். ஒரு மழை பெய்தால் போதும், வந்த தண்ணீர் வந்த இடத்திலேயே நிற்கும். மூன்றாம் நாள் சாக்கடை வாடை அடிக்கும். கேழ்வரகு மஞ்சளாகும், மரவள்ளிக் கிழங்கு மண்ணுக்குள்ளேயே கூழாகும். ஒரு வாரம் வெயில் காய்ந்தால் மேலே அப்பளம் போல ஓடு கட்டி வெடிக்கும், அந்த ஓட்டை உடைத்துப் பார்த்தால் கீழே இன்னும் சேறு. அந்தக் காட்டுக்குள் செருப்போடு யாரும் இறங்கியதில்லை. கூலிக்கு வருபவர்களும் சரி, வீட்டுக்காரர்களும் சரி, வரப்பில் வரிசையாகச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். கோயில் வாசல் மாதிரி இருக்கும்.

செருப்பு என்றதும் எங்கள் குடும்பத்தின் பழைய வழக்கைச் சொல்லியாக வேண்டும். பெரியப்பா பெண் பார்க்கப் போக இருந்த நாளின் காலையில், ஓதக்காட்டுக்குத் தண்ணீர் திருப்பப் போன இடத்தில், அவருடைய புதுச் செருப்பில் ஒன்று காணாமல் போனது. வரப்பில்தான் கழற்றி வைத்தேன், தங்கச்சி விளையாட்டுக்கு ஒளித்துவிட்டாள் என்பது அவர் தரப்பு. அத்தை அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவர். தொடவே இல்லை என்று அழுதும் யாரும் நம்பவில்லை. பெரியப்பா மிஞ்சிய செருப்பைக் கோபத்தில் ஏரியில் வீசிவிட்டு, யாருடையதையோ இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போய், கால் கடித்து நொண்டிக்கொண்டே பெண் பார்த்தாராம். மாப்பிள்ளைக்குக் கால் ஊனமா என்று பெண் வீட்டில் கேட்டுவிட்டார்கள். அன்று முதல் எந்த விசேஷம் நடந்தாலும் அத்தையைப் பந்தியில் பார்த்ததும் பெரியப்பா, "செருப்புத் திருடி வந்துட்டா, எல்லாரும் உஷாரா இருங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அத்தையும் சிரிப்பார். ஆனால் அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும்.

இனி என் குற்றம். வேளாண்மைக் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். உலகத்திலுள்ள எல்லா மண்ணுக்கும் வைத்தியம் தெரிந்துவிட்டது போல ஒரு வேகம். அத்தையிடம் போய், ஏரி வண்டலைக் கொண்டுவந்து கொட்டுங்க, ரோட்டவேட்டர் விட்டு நல்லா மாவாக்குங்க, சத்து ஏறிடும் என்றேன். அத்தை நம்பினார். டிராக்டர் டிராக்டராக வண்டல் வந்து இறங்கியது. ஈரத்திலேயே ரோட்டவேட்டர் ஓடியது. அடுத்த மழையில், கணுக்கால் வரை புதைத்த காடு முழங்காலைக் கேட்டது. மண் என்றால் வெறும் மண் அல்ல, பாதிக்குப் பாதி இடைவெளி. அந்த இடைவெளியில்தான் தண்ணீரும் காற்றும் மாறி மாறிக் குடியிருக்க வேண்டும் என்று தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவள்தான் நான். அந்த இடைவெளிகளை நானே சலித்த மாவை வைத்து அடைத்திருந்தேன். பெரியப்பா வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "படிச்ச புள்ள பேச்சக் கேக்கணும்மா. தவளைக்கு மெத்தை போட்டுக் குடுத்துட்ட" என்றார்.

அந்த வருஷம்தான் செங்கல் சூளைக்காரர் வந்தார். இரண்டு பாதியையும் சேர்த்துக் கொடுத்தால் ஆளுயரத்துக்கு மண்ணை வெட்டிக்கொள்கிறேன், ஒரு பாதி மட்டுமென்றால் வண்டி இறங்க வழியில்லை, வேண்டாம் என்றார். பெரியப்பா, அத்தையின் பாதிக்கும் சேர்த்தே சம்மதித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. வாழ்நாளில் ஒருமுறைகூட அந்த நிலம் அவருக்கு ஒழுங்காக விளைந்ததில்லை. ஆனால் வெட்டிய மண் திரும்ப வராது. அத்தையின் பங்கு ஒரு குழியாகிவிடும். நான் போய் அழுதேன். அத்தை முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, "அழாத பாப்பா. ஏற்கெனவே அங்க தண்ணி போவ எடமில்ல, நீ வேற சேக்காத. தண்ணி எங்க மாட்டிக்கிச்சின்னு மொதல்ல பாக்கலாம்" என்றார்.

நிலத்தில் ஒரு வளையத்தை இறக்கி, தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு குடிக்கிறது என்று அளப்பார்கள் என்று சொல்லிவிட்டு நான் கல்லூரிக்கு பஸ் ஏறிவிட்டேன். சொன்னது அவ்வளவுதான். அத்தை பெயிண்ட் டின் ஒன்றுக்கு அடியை வெட்டி எடுத்து, உள்பக்கம் நகப்பாலிஷால் கோடு போட்டு, சுத்தியலால் மண்ணில் இறக்கினார். கடிகாரத்துக்குப் பதில் ரோட்டில் போகும் பஸ்ஸை வைத்துக்கொண்டார். பெரியப்பாவின் மேட்டு நிலத்தில் ஊற்றிய தண்ணீர், ஒரு டம்ளர் டீ குடித்து முடிப்பதற்குள் காணாமல் போனதாம். ஓதக்காட்டிலோ, தருமபுரிக்குப் போன பஸ் திரும்பி வந்து மறுபடியும் போன பிறகும், கோடு ஒரு நகக்கண் அளவுகூட இறங்கவில்லை. நானாக இருந்தால் அத்தோடு முடிவு எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். அத்தை மேல் மண்ணை வெட்டித் தள்ளிவிட்டு, அரையடி கீழே போய் மறுபடி டின்னை இறக்கினார். நின்றது. இன்னும் கொஞ்சம் வெட்டினார். கடப்பாரை 'டங்'கென்று சிமெண்டில் பட்டது போலத் துள்ளியது. அங்கேயும் நின்றது. விடாமல் அந்தக் கெட்டியை உடைத்து, அதற்கும் கீழே டின்னை வைத்து ஊற்றினார். அன்று வகுப்பில் இருந்த எனக்கு மூன்று முறை போன் வந்தது. நான்காவது முறை எடுத்தேன். "பாப்பா, குடிச்சிடிச்சி! மாடு தொட்டிய குடிக்கற மாதிரி கடகடன்னு குடிச்சிடிச்சி!"

அடுத்த விடுமுறையில் நானும் அவரும் இடுப்பளவுக்கு ஒரு குழி வெட்டினோம். குழியின் பக்கச் சுவரைக் கத்தியால் சீவியபோது, அதுவரை படித்த பாடமெல்லாம் நேரில் வந்து நின்றது. மேலே என் மாவு மண். அதன் கீழே சாம்பல் நிறத்தில் துருப்பிடித்த கோடுகள். காற்றில்லாமல் தண்ணீரிலேயே ஊறிக் கிடந்ததற்கு மண் எழுதிவைத்த வாக்குமூலம் அது. ஒரு முழ ஆழத்துக்குச் சற்று மேலே அந்தக் கெட்டிப் படிவு. காலம் காலமாகச் சேற்றிலேயே உழுது உழுது, ஒரே ஆழத்தில் கலப்பையும் டிராக்டரும் அழுத்தி வைத்த தட்டு. பெயர்த்தால் பழைய நோட்டுப் புத்தகம் போல ஏடு ஏடாக வந்தது. அதுவரை நேராக வந்த வேரெல்லாம் அங்கே சட்டென்று மடங்கி, வாரிவிட்ட தலைமுடி போலப் படுத்திருந்தது. ஒரு சாண் தடிமன்தான் அந்தத் தட்டு. அதற்குக் கீழே சரளை கலந்த செம்மண், மழைக்காலத்திலும் ஈரம் எட்டாமல் கிடந்தது. இத்தனை வருஷமாகத் தண்ணீர் தன் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறது. கதவைத்தான் யாரும் திறக்கவில்லை.

அந்தத் தட்டின் மேல், மேசையில் வைத்தது போலச் சமமாக, ஒரு செருப்பு படுத்திருந்தது.

அத்தை அதை எடுத்து வாளித் தண்ணீரில் கழுவினார். நீல வார் தெரிந்தது. குதிகாலில், கம்பியைக் காய்ச்சிச் சுட்ட ஒரு பெருக்கல் குறி. திருவிழாவில் மாறிப்போகாமல் இருக்க பெரியப்பா அந்தக் காலத்தில் தன் செருப்புக்கெல்லாம் வைத்த அடையாளம். குழி இருந்தது காட்டின் நட்டநடுவில். வரப்பில் கழற்றி வைத்த செருப்பு அங்கே நடந்தா வந்திருக்கும்? அவசரத்தில் செருப்போடு இறங்கிய கால் அது. அத்தை அந்தக் குறியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அந்தக் குழிக்குள் நின்றபடியே, ஏரிக்கரையில் மேய்ந்த ஆடுகள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். "செருப்புக்கே இதுக்கு மேல எறங்க வழியில்ல, வேரு எப்படி எறங்கும் பாப்பா?"

பெரியப்பாவின் முன்னால் செருப்பை வைத்தபோது அவர் முகத்தில் ஓடிய நிறங்களை எந்த மண்ணிலும் நான் பார்த்ததில்லை. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "செருப்பு கெடச்சா காடு வெளைஞ்சிடுமா?" என்றார். அத்தை, ஒரு மழைக்காலம் பொறுங்க அண்ணே என்றார். பெரியப்பா யோசித்தார். "சரி. நல்ல மழ ஒண்ணு பெஞ்ச மறுநா, செருப்பக் கழட்டாம இந்த வரப்புலேருந்து அந்த வரப்புக்கு நீ நடந்து காட்டு. நடந்துட்டா சூளைக்காரர வேணாம்னுடறேன். மாட்டிக்கிட்ட, அடுத்த நாளே வண்டி எறங்கும்."

சித்திரை வெயிலில் மண் எலும்பாகக் காய்ந்திருந்தபோது உளிக்கலப்பையை வாடகைக்குக் கொண்டுவந்தோம். மண்ணைப் புரட்டாமல், கூரான ஒற்றைக் கால் மட்டும் ஆழ இறங்கிக் கிழித்துக்கொண்டே போகும் கலப்பை. தட்டு உடைகிற சத்தம் டிராக்டர் சத்தத்தையும் மீறிக் கேட்டது. குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினோம். ஏரிக்கரையிலிருந்து கசிகிற தண்ணீரைத் தடுத்து ஓடைக்கு அனுப்ப ஓரமாக ஒரு வாய்க்காலை அத்தையே வெட்டினார். தொழு உரம் போட்டு, மேட்டுப்பாத்தி கட்டி, சாமந்தி வைத்தார். தண்ணீர் தேங்கினால் முதலில் சாகிற செடி அது. வேறு ஏதாவது வைக்கலாமே அத்தை என்றேன். "தோத்தா முழுசா தோக்கறேன். ஜெயிச்சா பூவா ஜெயிக்கறேன்" என்றார்.

ஐப்பசியில் அந்த மழை வந்தது. மத்தியானம் தொடங்கி விளக்கு வைக்கும் வரை கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலை வரப்பில் கூட்டம். பெரியப்பா குடையோடு நின்றார், சூளைக்காரர் பைக்கில் சாய்ந்து நின்றார். ஓர வாய்க்கால் இரைச்சலோடு ஓடிக்கொண்டிருந்தது. அத்தை சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு, தேய்ந்துபோன தன் வீட்டுச் செருப்போடு பாத்திகளுக்கு நடுவே இறங்கினார். மண் அமுங்கியது, விட்டது. அமுங்கியது, விட்டது. காட்டின் நடுவில் 'சளக்' என்று ஒரு சத்தம். அத்தை நின்றுவிட்டார். நான் என் வண்டலை நினைத்தேன். அத்தை அவசரப்படவில்லை. குதிகாலை மட்டும் மெதுவாகத் தூக்கினார். செருப்பு காலோடு வந்தது. அடியில் ஒட்டியிருந்த மண் மாவாக வழியாமல் உருண்டை உருண்டையாக உதிர்ந்தது. எதிர் வரப்பில் ஏறித் திரும்பி நின்றவர், இரண்டு காலையும் தூக்கித் தூக்கிக் காட்டினார். விசில் அடித்தது யார் என்று கேட்காதீர்கள், நான்தான்.

சூளைக்காரர் பைக்கை உதைத்துக் கிளம்பினார். அத்தை அங்கிருந்தே குரல் கொடுத்தார். "அண்ணே, நின்னுட்டே இருந்தா எப்படி? நீங்களும் வாங்க!" பெரியப்பா வரப்போரம் வந்து, பழக்க தோஷத்தில் செருப்பைக் கழற்றினார். ஒரு கணம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மறுபடி மாட்டிக்கொண்டு இறங்கி நடந்தார்.

இப்போது பெரியப்பாவின் பாதியிலும் சாமந்திதான். நான் மண் பரிசோதனை வேலையில் ஊர் ஊராகச் சுற்றுகிறேன். என் பையில் அடி வெட்டிய பெயிண்ட் டின் ஒன்று எப்போதும் இருக்கும். விடுமுறைக்கு வந்தால் முதலில் ஓதக்காட்டு வரப்பைத்தான் பார்ப்பேன். மழை பெய்த மறுநாளும் அங்கே ஒரு செருப்பு கிடையாது. எல்லாம் உள்ளே, பூ பறிக்கிறவர்களின் கால்களில் நடமாடிக்கொண்டிருக்கும். செருப்புத் திருடி என்று இப்போது யாரும் அத்தையைக் கூப்பிடுவதில்லை. பெரியப்பாவுக்கு மட்டும் மோட்டார் ரூமைத் தாண்டும்போதெல்லாம் ஒரு சங்கடம். நேற்றுக்கூட நிலைப்படியில் நின்று மேலே பார்த்து, "அதக் கழட்டிக் குடுத்துடேன், மருமவ புள்ளைங்கல்லாம் வராங்க" என்றார்.

அத்தை பூவைக் கூடையில் கொட்டியபடியே நிமிராமல் சொன்னார்: "ஏரியில போட்டீங்களே, அத எடுத்துட்டு வாங்க அண்ணே. ஜோடியா தரேன்."