கிச்சாவின் தலையாட்டல்

மயிலாப்பூர் கிச்சா டி.ஜே. ஆனது தொண்ணூற்று இரண்டில். தி.நகர் ஓட்டல் ஒன்றின் நிலவறையில் ஞாயிறு மதியம் டான்ஸ். ‘ஸ்பெஷல் கிளாஸ்’ என்று வீட்டில் புளுகிவிட்டு வந்த பிள்ளைகள் ஆடித் தீர்ப்பார்கள். கிச்சாவின் இடது காதில் ஹெட்போன். இந்தப் பாட்டைப் போடு என்று கேட்பவர்கள் வலது காதில் வந்து கத்துவார்கள். ஸ்பீக்கர் அலறலில் ஒரு எழவும் விளங்காது. சிரித்துத் தலையாட்டுவான். கேட்டவன் திருப்தியாகப் போவான். இவன் தன் இஷ்டத்துக்கு அடுத்ததைப் போடுவான்.

டி.ஜே. விஷயம் தெரிந்த அன்றே அப்பா ராகவேந்திரன் பேச்சை நிறுத்தினார். ஒரே கூடத்தில் வருஷக்கணக்காக ஒரு வார்த்தை கிடையாது. அதற்குள் ஸ்பீக்கர் பக்கமிருந்த வலது காது செத்தே போயிற்று. கிச்சா வீட்டில் மூச்சு விடவில்லை.

தொண்ணூற்று எட்டில் அப்பா படுத்த படுக்கையானார். ஒருநாள் காலையில் அவனைச் சாடை காட்டிக் கூப்பிட்டார். பழக்க தோஷம், வலது காதையே கொடுத்தான். அப்பாவின் உதடு வெகுநேரம் அசைந்தது. மூச்சின் சூடு மட்டும்தான் தெரிந்தது. மறு காதைத் திருப்புவதற்குள் பாழாய்ப்போன தலை தானாக ஆடிவிட்டது.

அப்பா திருப்தியாகக் கண்ணை மூடினார். அப்புறம் திறக்கவேயில்லை.

அம்மா அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“அப்பா என்னடா கேட்டார்? எதுக்குடா சரின்னு தலையாட்டினே?”