உட்கார்ந்தால் கரண்ட் மிச்சம்

கட்டடங்களில் கரண்ட் எங்கே வீணாகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது என் பிழைப்பு. ஆளில்லாத அறையில் ஃபேன் சுற்றினால் எனக்குக் கோபம் வரும். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்த சீரியல் செட் விளக்குகளை அணைத்துவிட்டு, பெண் வீட்டாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். அதிலிருந்து என் மனைவி கல்யாணங்களுக்குத் தனியாகத்தான் போகிறாள்.

குடியிருப்பது திண்டிவனத்தில். ஒரு கோடையில் விழுப்புரத்திலிருந்த ஜவுளிக்கடை ஒன்றில் வேலை கிடைத்தது. தினமும் காலையில் பஸ் பிடித்துப் போய்விடுவேன். மூன்று மாடி, எல்லா மாடியிலும் ஏசி, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. "கரண்ட் பில்ல பாத்தாலே வயிறு எரியுது சார். ஓட்டை எங்க இருக்குன்னு மட்டும் காட்டுங்க, அடைச்சிடலாம்" என்றார் முதலாளி.

ஓட்டையைக் கண்டுபிடிக்க அரை நாள்கூட ஆகவில்லை. அது வாசல் கதவு.

நம் பக்கத்தில் எந்தப் பெண்ணும் கடை வெளிச்சத்தை நம்பிப் பட்டுப்புடவை எடுக்க மாட்டாள். கடைக்குள் அரக்காக இருந்தது வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் செங்கல் கலராகிவிடும் என்று ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு சோகக் கதை உண்டு. ஆகவே பிடித்த புடவையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்து, வெயிலில் பிடித்து, திருப்பி, தோளில் போட்டுப் பார்ப்பார்கள். கூடவே மாமியார், நாத்தனார், சித்தி என்று ஒரு படை வரும். கடைசியாக வெளியேறுகிறவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டே நின்று, "அந்த மயில்கழுத்தையும் எடுத்தாம்மா" என்று உள்ளே குரல் கொடுப்பார். குளிர்காற்று அத்தனையும் தெருவுக்குப் போய்க்கொண்டிருக்கும். வாசலோரம் பூ விற்கும் அம்மா தன் கூடையை அந்தக் காற்றுக்கு நேராக நகர்த்தி வைத்திருந்தார். சாயங்காலம் வரை பூ வாடவே இல்லை.

புடவை வெளியே போனால் கடை ஆள் ஒருவர் கூடப் போக வேண்டும். பட்டுப் பிரிவில் அந்த வேலை ஓர் அக்காவுடையது. நாற்பத்தைந்து வயதிருக்கும், வளவனூரிலிருந்து வருகிறவர். கதவு திறக்கும்போதெல்லாம் நான் நோட்டில் கோடு போடுவதைக் கவனித்துவிட்டு, முதல் நாளே பக்கத்தில் வந்தார்.

"இன்னா சார் எழுதிக்கினு இருக்கீங்க?"

"கதவு எத்தனை தடவை திறக்குதுன்னு பாக்கறேங்க்கா."

"மூடச் சொல்லப் போறீங்களா?"

"தெரியல. பாக்கணும்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வாணாம் சார். காலைல வந்து நின்னா கடை மூடற வரைக்கும் நிக்கறேன். உள்ள உக்காந்தா முதலாளி கேமராவுல பாத்துட்டுக் கத்துவாரு. இவங்க தெருவுல கலரு பாக்கற நேரத்துலதான் நான் யாரு வண்டி மேலயாவது உக்கார்றது. முட்டி ரெண்டும் போச்சு சார். கதவ மூடிட்டீங்கன்னா நான் எங்க உக்கார்றது?"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு குடும்பம் புடவையோடு கிளம்பியது. அக்கா பின்னாலேயே போய், வெளியே நின்ற யாருடைய மொபெட்டிலோ உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். "நல்லா பாருங்கம்மா, கல்யாணப் புடவை, அவசரமே இல்ல. இன்னொரு தபா அந்தப் பக்கம் திருப்பிப் பாருங்க" என்று அவர்களை உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார். வேலையில் அவ்வளவு அக்கறை உள்ள ஊழியரை நான் எங்கும் பார்த்ததில்லை.

விஷயம் எனக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்தும், அறிக்கையின் முதல் பரிந்துரையாகக் கதவைத்தான் எழுதினேன். என் வேலை கரண்ட், முட்டி இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான் எழுதியது, வாசலில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவு வையுங்கள், ஒன்று மூடிய பிறகு மற்றது திறக்கட்டும் என்பதுதான். முதலாளி அதைப் படித்துவிட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார். "சார், இவங்க எதுக்குத் தெருவுக்குப் போறாங்க? வெளிச்சத்துக்கு. நாம தெருவையே உள்ள கொண்டாந்துட்டா?" என்றார். நான் ஏதோ வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நினைத்துச் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்பை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

பத்தே நாளில் பட்டுப் பிரிவின் மூலையில் ஓர் அறை எழும்பியது. உள்ளே பகல் வெளிச்சம் மாதிரி எரியும் விளக்குகள், மேலே ஒரு இடம் விடாமல். சுவரில் நீல வானம், ஒரு வேப்பமரம், ஒரு மின்கம்பம், அதில் உட்கார்ந்திருக்கும் இரண்டு காக்கா, எல்லாம் பெயிண்டில். வாசலில் கொட்டை எழுத்தில் "தெரு" என்று போர்டு. அத்தனை விளக்கையும் ஏற்றிக் கதவைச் சாத்தியதும் அறை வெந்தது. ஆகவே தெருவுக்கென்று தனியாக ஒரு ஏசி மாட்டினார்கள். நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். "மிச்சம் புடிக்கணும்னா மொதல்ல கொஞ்சம் செலவாகத்தான் சார் செய்யும்" என்று எனக்கே பாடம் நடத்தினார் முதலாளி.

அக்காவை அந்தத் தெருவில் நிறுத்தினார்கள். அங்கே வண்டி எதுவும் நிற்கவில்லை. கேமரா மட்டும் இரண்டு இருந்தன.

அறை திறந்த முதல் நாள், காணை கிராமத்திலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் வந்தது. முதலாளியே முன்னால் நடந்து, "தெருவுல பாருங்கம்மா, தெருவுல பாருங்க" என்று அழைத்துப் போனார். பெண்ணின் அத்தை புடவையை விளக்குக்குக் கீழே விரித்து நிதானமாகப் பார்த்தார். சுவரிலிருந்த வேப்பமரத்தையும் ஒரு முறை தொட்டுப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது" என்றார். பிறகு புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

முதலாளி பின்னாலேயே ஓடினார். "எங்கம்மா போறீங்க? அதான் தெருவுல பாத்துட்டீங்களே!"

"பாத்தேம்பா. அந்தத் தெரு சரியா இருக்குதான்னு இந்தத் தெருவுல பாக்க வாணாமா?"

அன்றிலிருந்து ஒரே பேஜார். ஒவ்வொரு புடவையும் இரண்டு தெருவுக்கும் போக வேண்டியதாயிற்று. வெளியே பார்த்தவர்கள், உள்தெருவிலும் அதே கலர்தானா என்று சரிபார்க்கத் திரும்பி வந்தார்கள். கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தால் மறுபடி வெளியே போனார்கள். சிலர் புடவை எடுக்க வந்ததையே மறந்து, எந்தத் தெரு நல்ல தெரு என்று சண்டை பிடித்தார்கள். என் நோட்டில் கோடுகள் முன்பைவிட அதிகமாயின.

கதவு அத்தனை முறை திறந்தும் அக்காவுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. உள்தெருவுக்கு அவர், வெளித்தெருவுக்கு வேறொருவர் என்று முதலாளி வேலையைப் பிரித்துவிட்டார். ஒரு மத்தியானம் போனபோது, வரைந்த வேப்பமரத்தில் ஒரு கையை ஊன்றி, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார். "இந்தக் காலுக்கு இப்ப ரெஸ்ட்டு சார். அடுத்தது அந்தக் காலுக்கு" என்றார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டாததால் எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

நேரே முதலாளியிடம் போனேன். "அந்த அக்காவுக்கு ஒரு ஸ்டூலாவது போடுங்க. கடையில வேலை செய்யறவங்களுக்கு உட்கார இடம் கொடுக்கணும்னு சட்டமே இருக்கு."

"இருக்கே சார்! வாங்க காட்டறேன்" என்று மூன்றாவது மாடி குடோனுக்கு என்னைக் கூட்டிப்போனார். பாலிதீன்கூடப் பிரிக்காத ஸ்டூல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரை வரை இருந்தன. ஓர் ஆளுக்கு ஒன்று வீதம் வாங்கியிருந்தார். "யாராவது வந்து கேட்டா காட்டணும் இல்ல?"

"உட்கார்றதுக்கு?"

"உக்காந்தா கஸ்டமருக்கு மரியாத இல்லாம போயிடும் சார். அத விடுங்க. கரண்ட் ஏறிக்கினே போவுது, அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வாயில் வந்ததைச் சொன்னேன். ஆனால் பொய் சொல்லவில்லை. ஒரு கட்டடத்துக்கு எவ்வளவு ஏசி வேண்டும் என்று கணக்குப் போடும்போது, வெயில் சூடு, விளக்குச் சூடு எல்லாவற்றோடும் உள்ளே இருக்கும் மனிதர்களின் உடம்புச் சூட்டையும் சேர்ப்போம். அதற்கென்றே அட்டவணை இருக்கிறது. உட்கார்ந்திருக்கிறவர் விடும் சூடு குறைவு, நின்று வேலை செய்கிறவர் விடும் சூடு அதிகம். "உங்க ஆளுங்க அத்தனை பேரும் நாள் முழுக்க நிக்கறாங்க. அந்தச் சூட்டை எல்லாம் யாரு வெளியேத்தறது? உங்க ஏசிதான்" என்றேன்.

என் செல்போனிலிருந்த அட்டவணையை அவர் இரண்டு முறை படித்தார். பிறகு மாடிப்படி ஓரம் வந்து கீழே எட்டிப் பார்த்தார். வரிசையாக நின்றுகொண்டிருந்த தம் ஆட்களை, அணைக்காமல் விட்ட ஹீட்டர்களைப் பார்ப்பது போல் பார்த்தார்.

"படுத்தா இன்னும் கம்மியா சார்?"

"கம்மிதான். ஆனா உட்கார்ந்தாலே போதும்."

மறுநாளே ஸ்டூல்கள் கீழே இறங்கின. ஒவ்வொரு பிரிவிலும் ஒரு போர்டு தொங்கியது. "மின்சாரத்தைச் சேமிக்க எங்கள் ஊழியர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வாடிக்கையாளர்கள் ஒத்துழைக்கவும்." எப்படி ஒத்துழைப்பது என்று தெரியாத சிலர் தாங்களும் உட்கார்ந்துவிட்டார்கள். வேலையில்லாமல் யாராவது எழுந்தால் உடனே மைக்கில் முதலாளி குரல் வரும்: "சுடிதார் செக்ஷன், யாரு அது நிக்கறது? ஜல்தி உக்காரு!"

அக்கா உள்தெருவின் நடுவில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். முகமே வேறாக இருந்தது. "இன்னா சார் மந்திரம் போட்டீங்க?" என்று கேட்டார். பெருமையாக எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. "எத்தினி வருசமா வலிக்குது வலிக்குதுன்னு சொல்லிக்கினு இருந்தேன். சூடுன்னு சொல்லியிருக்கணும், இல்லையா சார்?" என்றார்.

அடுத்த வாரம் அறிக்கையில் கையெழுத்து வாங்கப் போனேன். மாதாமாதம் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்துவார்களே, அந்த நாள். பத்து மணிக்குக் கரண்ட் போனது, ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தது. ஜெனரேட்டரில் விளக்கும் ஃபேனும் மட்டும்தான், ஏசி கிடையாது. மைக்கில் முதலாளி குரல் வந்தது.

"ஏசி ஆஃப் ஆயிடுச்சு. இப்ப உக்காந்து ஒண்ணும் ஆவப் போறதில்ல. எல்லாரும் எழுந்திருங்க."

மூன்று மாடியிலும் ஸ்டூல்கள் பின்னால் நகரும் சத்தம் கேட்டது. அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க எனக்கு வழியில்லை, ஏனென்றால் கணக்கு நான் கொடுத்தது. உள்தெருவில் அக்கா ஸ்டூல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து நின்றார்.

"கரண்டு எப்ப சார் வரும்?"

"சாயங்காலம் ஆகுங்க்கா."

அவர் செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டார். "உங்களுக்குத்தான் கரண்டு ஆபீசுல ஆளுங்களத் தெரியுமே. ஒரு போன் போட்டுச் சொல்லுங்க சார், நான் நின்னுக்கினு இருக்கேன்னு."