ரேஸ் வண்டிக்கு ருக்ஸார் ஊற்றிய ஆயில்

கிருஷ்ணகிரி ராயக்கோட்டை ரோட்டில் இருக்கிறது ருக்ஸாரின் ஆயில் கடை. முன்னால் வண்டியை நிறுத்தி இறங்குவதற்குள் பாதி வியாபாரம் முடிந்திருக்கும். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே உள்ளேயிருந்து குரல் வரும்: "என்னாண்ணா, இரும்பு கடிக்கிற மாதிரி கேக்குது! போன மாசமே மாத்தியிருக்கணும்."

கணவர் இலியாஸுக்கு ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு வேலை. பேச்சு குறைவு. வீட்டுக்கு வேண்டிய பேச்சையெல்லாம் ருக்ஸாரே பேசிவிடுவதால் தனக்கு மிச்சம் இருப்பதில்லை என்பார்.

கடையில் பல கம்பெனி ஆயில் இருந்தாலும் அதிகம் ஓடுவது நீல டப்பாதான். அந்தக் கம்பெனி கொடுத்த பெரிய படம் ஒன்று சுவரில் ஒட்டியிருக்கும். செம்மண் புழுதிக்கு மேலே ஒரு பெண் பைக்கோடு அந்தரத்தில் பறப்பாள். அவள் சட்டையிலும் வண்டியிலும் கம்பெனி பெயர். யாராவது விலையைக் கேட்டுத் தயங்கினால் ருக்ஸாரின் கை அந்தப் படத்தைக் காட்டும்.

"ரேஸ் வண்டிக்கே இதத்தான் ஊத்தறாங்க. உங்க வண்டிக்கு ஆகாதா?"

அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்டதில்லை, சரோஜம்மாள் வரும்வரை.

சரோஜம்மாளுக்கு நாகரசம்பட்டியில் மாந்தோப்பு. அறுபது வயதிலும் மொபெட்டில் முன்னும் பின்னும் கூடை கட்டிக்கொண்டு கிருஷ்ணகிரிக்கு வந்து போகிறவர். மாம்பழ சீசனில் ஒரு நாள் மொபெட்டுக்கு ஆயில் கேட்டு வந்தார். ருக்ஸார் வழக்கம்போலப் படத்தைக் காட்டினாள்.

"ஊத்தறத நீ பாத்தியாம்மா?" என்றார் சரோஜம்மாள்.

"படத்துல போட்ருக்குதே."

"சட்டையிலதான் போட்ருக்குது. வண்டிக்குள்ள என்னா இருக்குதுன்னு எப்பிடித் தெரியும்? மண்டியில எங்க காயிக்குக் குடுக்கற பொட்டி மேல யாரு பேரோ இருக்கும். உள்ள இருக்கறது எங்க தோட்டத்துக் காயி."

சொல்லிவிட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு போய்விட்டார். குறை சொல்லவில்லை, சும்மா கேட்டார். ஆனால் அடுத்து வந்தவரிடம் படத்தைக் காட்ட எழுந்த ருக்ஸாரின் கை பாதியில் நின்றுவிட்டது. எத்தனை பேரிடம் எத்தனை வருஷமாகச் சொல்லியிருக்கிறாள்! ஒரு தடவைகூட அவளுக்கே இந்தக் கேள்வி வந்ததில்லை.

அந்த வாரமே ஆர்டர் எடுக்க வந்த கம்பெனி ஆள் சல்மானைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, ரேஸ் வண்டிக்கு நம்ம ஆயிலத்தான் ஊத்தறாங்களா?"

"அவங்க நம்ம டீமுதான்க்கா."

"சரி. ஊத்தறாங்களா?"

"வண்டி பூரா நம்ம பேருதான்க்கா."

"நான் வண்டி மேல கேக்கல தம்பி. உள்ள."

சல்மான் கையிலிருந்த டீ கிளாஸுக்குள் பார்த்தான். "நான் சேல்ஸ்தான்க்கா. எனக்கு எப்பிடித் தெரியும்? ஞாயித்துக்கிழமை தளி பக்கம் ரேஸ் இருக்குது. கடைக்காரங்களுக்கு பாஸ் குடுக்கறாங்க. நீங்களே வந்து பாத்துக்குங்க." சொல்லி முடிப்பதற்குள்ளேயே, ஏன் சொன்னோம் என்று அவன் முகம் காட்டியது.

ஞாயிறு காலை இலியாஸின் பைக்கில் கிளம்பினார்கள். ருக்ஸாரின் பையில் இரண்டு நீல டப்பாக்கள்.

"இது என்னாத்துக்கு?" என்றார் இலியாஸ்.

"மொதல் தடவ ஒருத்தரப் பாக்கப் போறம். வெறுங்கையோடவா போறது?"

"அதுக்கு பழம் வாங்கலாம்."

"பழக்கடைக்காரி பழம் எடுத்துக்கினு போவா. நான் ஆயில் கடைக்காரி."

ஓசூரைத் தாண்டித் தளி ரோட்டிலிருந்து பிரிந்த மண் பாதையின் முடிவில் மைதானம் இருந்தது. மேடும் பள்ளமுமாக வெட்டிய ஓடுபாதை. ஒலிபெருக்கியில் ஒரு வாக்கியம் கன்னடத்தில் தொடங்கித் தமிழில் நடந்து ஆங்கிலத்தில் முடிந்தது. ருக்ஸார் இத்தனை நாளும் பார்த்தது சுவரில் அசையாமல் நின்ற வண்டியை. முதல் வண்டி மேட்டில் ஏறிக் காற்றில் எழும்பியதும் இலியாஸின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சல்மான் அவர்களைக் கூடாரத்துக்கு அழைத்துப் போனான். படத்தில் இருந்த பெண் அங்கே பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பெயர் பிரியதர்ஷினி, சொந்த ஊர் ஊத்தங்கரை. வார நாட்களில் ஓசூரில் ஒரு உதிரிபாக ஃபேக்டரியில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஸ். பக்கத்தில் மெக்கானிக் மணிவேல் எஞ்சினுக்கு ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தான். அது நீல டப்பா இல்லை. பெயர் எதுவும் ஒட்டாத வெள்ளைக் கேன்.

"இது என்னா ஆயிலு தம்பி?" என்றாள் ருக்ஸார்.

பின்னாலிருந்து சல்மான் கண்ணால் ஜாடை காட்டினான். மணிவேல் அதைக் கவனிக்கவில்லை.

"வெளிநாட்டு ஆயில்க்கா. பெங்களூர்ல எஞ்சின் செட் பண்ணவங்க இதத்தான் ஊத்தச் சொன்னாங்க."

"அப்ப நீல டப்பா?"

"அதுவும் கம்பெனியில குடுக்கறாங்களே! அத எங்க வேனுக்கு ஊத்தறம். வேனு நல்லா ஓடுதுக்கா."

சல்மான் வானத்தைப் பார்த்தான். ருக்ஸாருக்கு வாய் அடைத்துப் போனது. இலியாஸ் இதற்கு முன் அதைப் பார்த்ததில்லை.

மணிவேலுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. வருத்தத்தோடு விளக்கினான். பெரிய டீம்களுக்குக் கம்பெனியே ரேஸுக்கென்று தனியாக ஆயில் செய்து கொடுப்பதுண்டாம். டப்பாவில் பெயர் ஒன்றாக இருக்கும், உள்ளே இருப்பது கடைக்கு வருகிற சரக்காக இருக்காது. நிஜமாகவே கடைச் சரக்கை ஊற்றுகிறவர்களும் உண்டாம். "எங்கள மாதிரி சின்ன டீமுக்கு யாரு தனியா செஞ்சி குடுப்பாங்க? பழகுன ஆயில மாத்தறதுக்கும் பயமா இருக்குது."

பிரியதர்ஷினி கை கழுவிக்கொண்டு வந்தாள். "தப்பா நெனைக்காதீங்கக்கா. அவங்க டயருக்குக் காசு குடுக்கலன்னா நான் இங்க இல்ல. ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னாங்க, ஒட்டிட்டம். எஞ்சினுக்குள்ள ஊத்துங்கன்னு யாரும் சொல்லல."

அந்தப் பெண்மீது ருக்ஸாருக்குக் கோபம் வரவில்லை. ஆனால் கடைக்கு வந்தவர்கள் முகங்கள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்து போயின. கூடாரத்தின் ஓரமாகப் போய் நின்றுகொண்டாள். அவள் கண்ணில் இனிப் படவேண்டாம் என்று நினைத்தோ என்னவோ, சல்மான் அந்த வெள்ளைக் கேனைக் காலாலேயே மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டான்.

அன்றைய முதல் ரேஸில் பிரியதர்ஷினி ஒரு வளைவில் விழுந்தாள். அவளுக்கு முழங்கையில் சிராய்ப்புதான். வண்டிக்குத்தான் அடி. கல்லில் மோதி எஞ்சின் பக்க மூடி விரிசல்விட்டு ஆயில் முழுக்க ஒழுகிவிட்டது. மணிவேல் வேகமாக வேறு மூடியை மாட்டிவிட்டு, மேஜைக்கு அடியில் கைவிட்டுக் கேனை எடுத்தான். கேன் காலி. சல்மான் தள்ளியபோது சாய்ந்து, சரியாகத் திருகாத மூடி வழியாக எல்லாம் மண்ணுக்குள் போயிருந்தது.

ஒலிபெருக்கி கடைசி ரேஸுக்குக் கூப்பிட்டது. மணிவேல் அடுத்த கூடாரத்துக்கு ஓடப் பார்த்தான்.

"தம்பி, நில்லு," என்றாள் ருக்ஸார். பையிலிருந்து நீல டப்பாவை எடுத்து நீட்டினாள்.

மணிவேல் வாங்கிப் பின்பக்கம் எழுதியிருந்ததைப் படித்தான். கிரேடைப் பார்த்தான், கிளட்சுக்கு ஆகுமா என்று பார்த்தான். "எல்லாம் சரியாத்தான் இருக்குது. ஒரு ரேஸு தாங்கும்..." என்று இழுத்தான்.

பிரியதர்ஷினி டப்பாவையும் தன் சட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டாள். "ஊத்துங்கண்ணா. மேல இருக்கறது உள்ளயும் கொஞ்சம் போகட்டும்."

"நானே ஊத்தறன்," என்றாள் ருக்ஸார்.

மணிவேல் புனலைப் பிடித்துக்கொள்ள, அவள் பிஸ்மில்லா சொல்லி ஊற்றினாள். கடைசிச் சொட்டு விழும்வரை டப்பாவைக் கவிழ்த்தே பிடித்திருந்தாள்.

வண்டி கிளம்பிய பிறகுதான் பயம் பிடித்தது. எஞ்சின் நின்றுவிட்டால்? அந்தப் பெண் மறுபடி விழுந்தால்? முதல் சுற்றில் வேலியைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தாள். பிரியதர்ஷினி ஒருவனை முந்தியதும் முணுமுணுப்பு கூச்சலானது. "போம்மா! போ! என் ஆயிலு போவுது பாருங்க!" என்று பக்கத்தில் நின்ற பெங்களூர்க்காரர்களிடம் கத்தினாள். அவர்களுக்கு என்ன புரிந்ததோ, அவர்களும் சேர்ந்து கத்தினார்கள். சல்மான் தொப்பியைக் கழற்றிச் சுழற்றினான்.

மூன்றாவதாக வந்தாள் பிரியதர்ஷினி. சின்னக் கோப்பையோடு கூடாரத்துக்குத் திரும்பியவளிடம், "ஆயிலு எப்பிடி இருந்துச்சு?" என்று கேட்டாள் ருக்ஸார். அதற்குள் தொண்டை பாதி கட்டியிருந்தது.

"ஒரு வித்தியாசமும் தெரியலக்கா."

ருக்ஸாரின் முகம் வாடியது. மணிவேல் சிரித்தான். "அக்கா, ஆயிலு இருக்கறதே தெரியாம வண்டி ஓடுச்சின்னா அதுக்கு மேல என்னாக்கா வேணும்?"

மறுநாள் அவளுக்குக் குரல் சுத்தமாக இல்லை. இலியாஸுக்கு இரண்டாம் ஷிப்டு என்பதால் காலையில் கடையில் உட்கார்ந்தார். அன்றைக்கென்று பார்த்து சரோஜம்மாளும் வந்தார்.

"என்னாம்மா, பேச மாட்டேங்கற?"

ருக்ஸார் தொண்டையைத் தொட்டுக் காட்டி, கணவரைச் சொல்லச் சொன்னாள். நேற்று நடந்த அத்தனையையும் இலியாஸ் ஒரே வார்த்தையில் முடித்தார்.

"ஊத்தறதில்லையாம்."

ருக்ஸார் மேஜையைத் தட்டினாள். ஒரு விரலை நீட்டினாள்.

"ஒருவாட்டி ஊத்துனாங்க."

அவள் தன் நெஞ்சைத் தட்டினாள்.

"ஊத்துனது இவதான்."

அவள் மூன்று விரல் காட்டி, கைகளால் கோப்பை பிடித்து, வேலியைப் பிடித்துக் குதிப்பதுபோல நடித்தாள். இலியாஸ் யோசித்துவிட்டு, "மூணாவதா வந்துச்சு. கத்துனா," என்றார்.

சரோஜம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஊத்தலன்னா ஊத்தாம போறாங்க. நான் என்னா மாங்காக் கூடையக் கட்டிக்கினு ரேஸா ஓட்டறன்? வண்டிக்கு நல்லா ஒத்துக்கிச்சு. எம் பையன் வண்டிக்கும் ஒண்ணு குடு."

குரல் திரும்பியதும் ருக்ஸார் படத்தைக் கிழிக்கவில்லை. அதைப் பற்றிச் சொல்வதை மட்டும் மாற்றிக்கொண்டாள். இப்போது அது ஒரு வரி இல்லை. கேட்பவர் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டிய அளவுக்கு நீளம். வெள்ளைக் கேனையும் சொல்கிறாள், வேனையும் சொல்கிறாள். சல்மான் அந்த நேரத்தில் கடையில் இருந்தால் வெளியே போய் நின்றுகொள்கிறான். வியாபாரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மணிவேல் பயிற்சி ஓட்டத்துக்கு நீல டப்பாவுக்கு மாறியிருக்கிறான். ரேஸ் அன்றைக்கு வெள்ளைக் கேன்தான். ருக்ஸார் ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள், அவன் ஒவ்வொரு தடவையும் "பாக்கலாம்க்கா" என்கிறான்.

பக்கத்தில் எங்கே ரேஸ் நடந்தாலும் இப்போது இருவரும் போகிறார்கள். போன தடவை மழை வரும்போல இருந்ததால் ருக்ஸார், இந்த வாரம் வேண்டாம் என்றாள். இலியாஸ் உள்ளே போனார். இரண்டு ரெயின்கோட்டோடு வெளியே வந்து, வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு நின்றார்.