குட்டி அளவு இல்லை

“எண்பத்திரண்டு,” என்றார் ஜாக்கெட் அக்கா, பெரிய லைஃப் ஜாக்கெட் ஒன்றைக் கொக்கியிலிருந்து எடுத்தபடியே.

“எழுபத்தஞ்சுதாங்க,” என்றார் வந்தவர். அவருடைய மனைவி ஏரியைப் பார்த்துச் சிரித்தார்.

“எழுபத்தஞ்சாவே இருக்கட்டும். ஆனா எண்பத்திரண்டு உக்கார்ற இடத்துல உக்காருங்க. வலது பக்கம்.”

மிதிபடகில் நான்கு இருக்கைகள். ஒரு பக்கம் கனமானால் படகு நேராகப் போகாது. ஒரே இடத்தில் வட்டமடிக்கும். முன்பு படகுத்துறையில் எடை மெஷின் ஒன்று இருந்தது. வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்கள். பிறகு கடிகாரத்தைக் கழற்றினார்கள். ஒருவர் மூக்குக்கண்ணாடியையும் கழற்றிவிட்டு, முள் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் தகராறு செய்தார். அலுவலகத்தார் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து அக்காவின் கண்தான் கணக்கு. பெண்களின் எடையை மட்டும் வாய்விட்டுச் சொல்வதில்லை. முன்னால், பின்னால் என்று விரலால் காட்டுவதோடு சரி.

‘ஜாக்கெட் அக்கா’ என்ற பெயரால் ஒரு சங்கடமும் உண்டு. ஊருக்குப் புதிதாகக் குடிவந்த பெண்மணி ஒருவர், யாரோ சொன்னதை நம்பி, ஒரு மீட்டர் துணியோடு வந்து நின்றார். அக்கா தான் தையல்காரி இல்லை என்பதைச் சொல்லிவிட்டு, “ஆனா ஒரு மீட்டர் பத்தாது,” என்றும் சொல்லி அனுப்பினார்.

மலையில் இலைகள் மஞ்சளும் சிவப்புமாக மாறும் இரண்டு மாதங்கள்தான் ஊருக்குக் கூட்டம். பேருந்து நிலையத்தில் ஒரு தாள் கொடுப்பார்கள்: ‘குடும்பத்தோடு செய்து மகிழ ஏழு.’ முதலாவது, ரோப் கார். இரண்டாவது, காட்டுக்குள் இலை பொறுக்கும் நடை. மூன்றாவது, ஏரியைச் சுற்றி சைக்கிள். நான்காவது, மிதிபடகு. ஆகவே அக்காவிடம் வந்து சேர்பவர்கள் ஏற்கெனவே மூன்று முறை மகிழ்ந்து முடித்தவர்கள். அப்பா முன்னால் நடப்பார். எல்லோருடைய ஸ்வெட்டரும் அம்மாவின் தோளில் இருக்கும். பிள்ளைகளின் பையில் இலைகள் நொறுங்கும். “இப்ப எல்லாரும் சிரிக்கணும், சொல்லிட்டேன்,” என்று அப்பா கேமராவைத் தூக்குவார்.

அக்காவின் அறை துறையின் கோடியில் இருக்கும் மரக் கொட்டகை. பெரியவை, நடுத்தரம் எல்லாம் சுவரில் வரிசையாகத் தொங்கும். குட்டி அளவு மட்டும் கதவுக்குப் பின்னால். இலையுதிர்கால வெயிலில் எதுவும் முழுசாகக் காயாததால், மூலையில் ஹீட்டர் எரியும். அக்கா ஜாக்கெட்டுகளைத் திருப்பித் திருப்பிப் போடுவார். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர் போட்டிருப்பார். மேலே இருப்பது கணவருடையது. கணவர் விசைப்படகு ஓட்டுபவர். அவருக்குக் குளிரெடுத்தாலும் சொல்லமாட்டார்.

“டைட்டா இருக்கு,” என்று சிணுங்கும் பிள்ளைகளுக்கு ஒரே பதில்தான். “டைட்டா இருந்தாத்தான் ஜாக்கெட். லூஸா இருந்தா அது சட்டை.”

அக்கா பொய் சொல்வதும் உண்டு. பெரியவர்களின் உடம்பைப் பார்ப்பவர், பிள்ளைகளின் காலைத்தான் பார்ப்பார். கால் துறையின் பலகையில் ஒட்டிக்கொண்டு முன்னே வர மறுத்தால், விரல்கள் உள்ளே மடங்கினால், பயம் என்று அர்த்தம். உடனே, “குட்டி சைஸ் இல்லீங்களே, எல்லாம் வெளிய போயிருக்கு,” என்பார். கதவுக்குப் பின்னால் ஒன்பது தொங்கும். ‘நீ ஆம்பளப் பையன்தானே, ஏறு’ என்று பிடித்துத் தள்ள அப்பாவுக்கு வழியில்லாமல் போய்விடும். பிள்ளையைக் கொட்டகை வாசலில் உட்காரவைத்து, “எத்தனை வாத்துன்னு எண்ணிச் சொல்லு, எனக்கு வேலை கெடக்கு,” என்பார் அக்கா. மானம் யாருக்கும் போகாது.

“பொய் சொல்லியே வேலை பாக்கறே,” என்பார் கணவர்.

“நீங்க இன்ஜினைப் பாருங்க.”

போன வாரம் ஓர் அப்பாவும் ஏழு வயது மகளும் வந்தார்கள். அப்பாவின் கையில் அந்தத் தாள். முதல் மூன்றுக்கும் பேனாவால் டிக் அடித்திருந்தார். மகள் அவருக்குப் பின்னால் ஒண்டி நின்றாள். அக்கா காலைப் பார்த்தார். நடுங்கியது. விரல்கள் உள்ளே மடங்கியிருப்பது கேன்வாஸ் ஷூவின் மேலேயே தெரிந்தது.

“குட்டி சைஸ் இல்லீங்க.”

“ஒண்ணுகூடவா?”

“ஒண்ணுகூட.”

அப்பா மகள் முன் குந்தினார். “அடுத்த தடவை போலாம்டா.”

“அடுத்த தடவைன்னா எப்போ?” என்றாள் அவள். அடம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். அப்பா தாளை மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார். “அம்மா நாலரைக்கு வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்கப்பா,” என்று அவளே நினைவூட்டினாள்.

கடிகாரத்தில் மூன்றரை. அக்கா ஹீட்டரைத் திருகினார். திருக வேண்டிய தேவை எதுவும் இல்லை. பிறகு வெளியே வந்து, சிறுமியைத் தனியாக ஓரடி தள்ளி நிறுத்தினார்.

“படகுன்னா பயமா?”

“எதுக்கு? எனக்கு நீச்சல் தெரியும். அப்பாவுக்குத்தான் தெரியாது.”

“அப்புறம் கால் ஏன் நடுங்குது?”

குரலைத் தணித்தாள். “காட்டுல ஓடைக்குள்ள கால வச்சுட்டேன். சாக்ஸெல்லாம் ஈரம். சொன்னா ரூமுக்குப் போலாம்னுடுவாரு.”

பதினாறு வருஷத்தில் ஒரு கால் அக்காவை ஏமாற்றியது அதுதான் முதல் தடவை. நேராகப் போய், திறந்து கிடந்த கதவைச் சுவரிலிருந்து இழுத்து விலக்கினார். பின்னால் தொங்கிய ஒன்பதும் தெரிந்தன.

“இருக்கே!” என்றார் அப்பா.

“இருக்கு. நான்தான் இல்லைன்னு சொன்னேன். பாப்பா பயப்படுதுன்னு நெனச்சுட்டேன். தப்பு என்னோடதுங்க.”

அப்பா கத்துவார் என்று எதிர்பார்த்து நின்றார் அக்கா. அவர் கத்தவில்லை. ஏரியைப் பார்த்தார், ஒன்பது ஜாக்கெட்டுகளைப் பார்த்தார். “பயப்படறது நான்தாங்க,” என்றார் மெதுவாக. “என் சைஸ் இல்லைன்னு சொல்லியிருக்கலாம்ல?”

“உங்க சைஸ் இருக்கு,” என்றார் அக்கா.

அப்பாவின் ஜாக்கெட் பட்டைகளை ஒருமுறைக்கு மூன்றுமுறை இழுத்துப் பார்த்தார். சிறுமியின் ஷூவைக் கழற்றி, ஈரச் சாக்ஸை உருவி ஹீட்டர் மேல் போட்டார். தன் பையிலிருந்த கம்பளிச் சாக்ஸை அவளுக்கு மாட்டினார். அது முழங்காலையும் தாண்டிப் போனது. அப்பா இதையெல்லாம் பார்த்தார். ரூமைப் பற்றி எதுவும் பேசவில்லை.

படகு முதலில் வட்டமடித்தது. பிறகு பின்னால் போனது. தண்ணீர் மேல் சிறுமியின் குரல் துறைவரைக்கும் கேட்டது: “அப்பா, இடது! அந்த இடது இல்லப்பா, இன்னொரு இடது!” அதன் பிறகு அவர் சிரிப்பதும் கேட்டது. படகு நேராக நடு ஏரிக்குப் போயிற்று.

ஒரு சவாரி இருபது நிமிஷம். அது கடந்தால் அக்கா கை காட்ட வேண்டும். கணவர் விசைப்படகில் போய் அழைத்து வருவார். இருபது ஆயிற்று. இருபத்தெட்டும் ஆயிற்று.

“பதினேழாம் நம்பர் படகு இன்னும் வரலை,” என்று விசைப்படகிலிருந்து எழுந்து நின்று கத்தினார் கணவர். “நேரமாச்சு! போகவா?”

அக்கா துடைப்பத்தை எடுத்தார். ஏரிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, அப்போதுதான் பெருக்கி முடித்திருந்த பலகைகளை முதலிலிருந்து பெருக்கத் தொடங்கினார்.