கோடிட்ட இடத்தில் என் பெயர்

போன வருடம் ஐப்பசி மழையில் நடந்தது இது. நெய்வேலி குவார்ட்டர்ஸில் நானும் என் கணவரும் மட்டும்தான். ஒரே மகளை ஓசூரில் கட்டிக்கொடுத்து நாலு வருடமாகிறது. மைன்ஸ் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மனிதருக்குத் திடீரெனப் பக்கவாதம். கை கால் ஓரளவு தேறிவிட்டது, பேச்சுதான் போய்விட்டது. நாம் சொல்வது புரியும், பதிலுக்கு வார்த்தை வராது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒரு வழி சொன்னாள். "ஒரு வார்த்தைய மட்டும் விட்டுட்டு வாக்கியம் எழுதிக் காட்டுங்கம்மா. முன்னாடி பின்னாடி இருக்கறதப் பாத்து, விட்டத அவரே புடிச்சிக்குவாரு."

நானும் டீச்சர் கணக்காக நோட்டும் கையுமாக உட்கார்ந்தேன். 'தாகம் எடுத்தால் ______ குடிப்போம்.' பத்து நாளில் "தண்ணி" வந்தது. 'மைன்ஸில் ______ வெட்டுவோம்.' "கரி" என்றார், அதுவும் சிரித்துக்கொண்டே. எனக்குப் பேராசை பிடித்துக்கொண்டது. 'என் மனைவி பெயர் ______' என்று எழுதி நீட்டினேன். அவர் வாயால் என் பெயரைக் கேட்க அப்படி ஓர் ஏக்கம்.

ஒரு வாரம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒருநாள் நெற்றியெல்லாம் வியர்க்க, திக்கித் திக்கிச் சொன்னார். மகள் பெயரை.

எனக்குச் சுருக்கென்றது. ராப்பகலாகப் பார்த்துக்கொள்வது நான், நினைப்பெல்லாம் மகள் மேலா? "தப்பு!" என்று வெடுக்கெனச் சொல்லி, நோட்டில் பெரிதாகத் தப்புக் குறியும் போட்டுவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போய்த் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் போனில் மகளிடம் புலம்பினேன்.

"ஏம்மா, அப்பா உன்ன என்னிக்கு பேர் சொல்லிக் கூப்ட்டாரு? வாசல்ல நின்னுக்கினு என் பேரத்தான சொல்லுவாரு? 'தோ வரேன்'னு நீதான ஓடுவ?"

உண்மைதான். ஷிப்ட் முடிந்து வந்தால் மகள் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவார். அவள் கல்யாணமாகிப் போன பிறகும் மாற்றிக்கொள்ளவில்லை.

"ஏங்க, நீங்க சொன்னதுதாங்க சரி" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தலையை ஆட்டினார், அவ்வளவுதான். இன்று சோறு, சட்டை, மழை எல்லாம் சொல்கிறார். அந்த வாக்கியத்துக்கு வந்தால் மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறார். அவ்வளவு பாடுபட்டு அவர் என்னைக் கூப்பிட்டபோது, ஏனென்று கேட்காமல் போனேனே என்று மனசு அடித்துக்கொள்கிறது. என் பெயரை அவர் சொல்லவே வேண்டாம், மகள் பெயரைச் சொல்லி இன்னொரு தரம் கூப்பிட்டால் போதும்.