கழித்த சேலைகள்

சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறி முதலாளியின் குடோனில் சேலை மடிக்கும் வேலை பார்த்தேன். மடிப்பது மட்டும் வேலையல்ல. தறியிலிருந்து வரும் சேலையை விரித்து, இழை அறுந்திருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சிவப்பு நூலால் முடிச்சுப் போட வேண்டும். முடிச்சு விழுந்த சேலை கடைக்குப் போகாது. மற்றப் பெண்கள் ஒற்றை முடிச்சுப் போடுவார்கள், நான் இரட்டையாகப் போடுவேன். என் கண்ணுக்குப் பட்ட குறையை யாரும் லேசில் அவிழ்த்து மறைத்துவிடக் கூடாது என்ற பிடிவாதம்தான்.

பனி விழும் நாடு ஒன்றில் பூகம்பம் வந்து ஊர் ஊராக இடிந்து கிடப்பதை அந்த வாரம் முழுவதும் டிவியில் பார்த்தோம். தெருவில் நெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்த பெண்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எங்கள் முதலாளிக்கும் இரக்கம் வந்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த இரக்கம் நேராகக் குடோன் மூலைக்குப் போனது. முடிச்சு விழுந்த சேலைகளை எல்லாம் மூட்டை கட்டுங்கள், லாரி வருகிறது என்றார். பஸ் ஸ்டாண்டில் வைக்க ஃப்ளெக்ஸுக்கும் சொல்லியிருந்தார்.

பிறந்ததிலிருந்து சேலையே கட்டாத பெண்களுக்கு, அந்தப் பனியில், மெல்லிய பருத்திச் சேலை. அதுவும் ஓட்டைச் சேலை. சேலை நெய்கிற ஊருக்கு உலகமே சேலை கட்டிக்கொண்டு அலைவதாக நினைப்பு.

"நா மூட்ட கெட்ட மாட்டேன், அண்ணாச்சி," என்றேன்.

வீடே போனவள் ஓட்டையையா பார்த்துக்கொண்டிருப்பாள் என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னைக் கிளப்பிவிட்டது.

என் வீடும் ஒருமுறை போனது. ஒரு ஐப்பசி மழையில் சுவர் சரிந்து, பள்ளிக்கூடத்தில் பத்து நாள் கிடந்தோம். யாரோ கொடுத்த நிவாரணப் பையில் எனக்கு ஒரு சேலை இருந்தது. விரித்தால் முந்தானையில் சிவப்பு நூல், இரட்டை முடிச்சு. நானே கழித்துப் போட்ட சேலை. மாற்றுத் துணி இல்லாததால் அதைத்தான் கட்டினேன். கொடுத்தவரைக் கும்பிடவும் செய்தேன். வெட்கத்தில் இதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்று குடோனில் அத்தனை பேர் முன்னால் சொன்னேன்.

"வீடு போனவளுக்குக் கண்ணும் சேந்தா போயிரும்? எனக்குப் போவல. எல்லாத்தையும் பாத்தேன்."

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. கட்டாவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். என் சம்பளத்தை நம்பி வீட்டில் நாலு வயிறு. பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் கை மூட்டைப் பக்கம் போகவில்லை.

கடையநல்லூரிலிருந்து சரக்கு எடுக்க வந்திருந்த வியாபாரி ஒருவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். அவர்தான் வாயைத் திறந்தார்.

"என் தம்பி அந்த நாட்டுலதான் வேல பாக்கான். வந்த துணி மூட்டையப் பிரிக்க ஆளில்லாம ரோட்டுல கெடக்காம். பக்கத்து ஊர்லயே கம்பளி கெடைக்கி, அடுப்பு கெடைக்கி. துட்டா அனுப்பச் சொல்லுதான்."

உடனே நான், இந்தச் சேலைகளை இங்கேயே குறையைச் சொல்லி மலிவாக விற்றுப் பணமாக அனுப்புவோம் என்றேன். முதலாளி என்னை முறைத்தார். ஞாயிற்றுக்கிழமை நீயே நின்று ஒன்று விடாமல் விற்றால் திங்கட்கிழமை வேலைக்கு வா என்றார்.

குடோன் வாசலில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். எதற்காக விற்கிறோம் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். சேலை வேண்டாம், இதை வைத்துக்கொள் என்று பூக்கட்டும் பெண்கள் அன்றைய கூலியில் கொஞ்சம் போட்டார்கள். சிவகிரி பஸ்ஸுக்கு நின்றவர்கள் இரண்டு இரண்டாக எடுத்தார்கள்.

சாயங்காலம் ஒரே ஒரு சேலை மிஞ்சியது. கரிவலம்வந்தநல்லூர்க்காரி ஒருத்தி அதை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பி, மூக்கைச் சுளித்து, வேண்டாம் என்று என் கையிலேயே போட்டுவிட்டுப் போனாள். என் வேலை அவள் கையில் இருந்தது. கூப்பிட்டுக் கெஞ்சியிருக்கலாம். கெஞ்சவில்லை. அவள் போன விதம் எனக்குப் பிடித்திருந்தது.

பணத்தை அங்கே வீடு இழந்தவர்கள் கையிலேயே கொடுத்து, வேண்டியதை வாங்கிக்கொள்ளச் சொல்கிற ஓர் அமைப்புக்கு, வியாபாரியின் தம்பி மூலம் நன்றாக விசாரித்த பிறகு அனுப்பினோம். திங்கட்கிழமை காலையில் அந்த ஒற்றைச் சேலையை முதலாளியின் மேசையில் வைத்தேன்.

"ஒண்ணு விக்கல, அண்ணாச்சி. ஒருத்தி வேண்டாம்னுட்டா. பூகம்பத்துல வீடு போனவளும் அவ ஊரு கடையில நின்னு அப்படிச் சொல்லணும்னுதான் துட்டு அனுப்பிருக்கேன்."

சேலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போ என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அன்று நான் போயிருக்க மாட்டேன்.